தங்கச்சி எந்த ஊர்?

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், விண்ணப்பப் படிவம் நிரப்புகிறவன் நான்தான். ஓட்டோ ஓட்டுவது தொழில், போம் நிரப்புவது பெருமை. சட்டத்தரணி மாதிரிக் கதைப்பேன். சட்டம் மட்டும்தான் தெரியாது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு கதை பரவியது. மன்னாரில் வாக்காளர் பதிவு இருந்தால் அங்கே வீடு கிடைக்குமாம். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது எனக்கு இரண்டு வயது. வாப்பாவின் வளவில் இப்போது பற்றைதான் நிற்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வாப்பா தயங்கினார்.

"இருக்கிற பதிவையும் விட்டுட்டு எங்க போய் நிக்கிற மகன்?"

"பேசாம இருங்க வாப்பா. நான் படிச்சுப் பாத்துட்டன்."

நான் படித்தது முதல் பக்கம் மட்டும். எங்கள் பக்கத்துத் தில்லையடியில் ஒரு கடையில் போட்டோப் பிரதி எடுத்து, வீட்டில் எல்லோருடைய பெயரையும் அழகான கையெழுத்தில் மன்னாருக்கு மாற்றிவிட்டேன். 'நானா, நானா' என்று என் பின்னால் திரிந்த தங்கச்சியின் பெயரையும்தான். அவள் இங்கே, முகாம் கொட்டிலில் பிறந்தவள். மன்னாரைக் கண்ணாலும் கண்டதில்லை.

வீடு வரவில்லை. அதற்குக் கூட நான் பகிடிதான் விட்டேன். பிறகு வந்ததற்குத்தான் சிரிக்க முடியவில்லை.

எங்கள் குடியேற்றத்துக்குப் பிரசவம் பார்க்க வருகிற மிட்வைப் இடம் மாறிப் போனபின் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் என் ஓட்டோவை நம்பி இருந்தார்கள். ஒருநாள் விடியப்புறம் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அந்தக் குண்டும் குழியுமான பாதையில் போனேன். பாதி வழியில் அவளைவிட நான்தான் கூடக் கத்தினேன். "நீங்க ரோட்டைப் பாருங்க தம்பி, நான் பெத்துக்குவன்" என்று அவளே எனக்குத் தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அதைக் கேட்ட நாளிலிருந்து தங்கச்சிக்கு ஒரே பிடிவாதம், மிட்வைப் ஆக வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பாஸ் பண்ணியிருந்தாள். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் அறிவித்தலும் வந்தது. எங்கள் பகுதிக்கு ஒரு இடம். கேட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பிரிவில் நிரந்தரமாக வசிக்கிறாள் என்ற வதிவிடச் சான்றிதழ்.

சான்றிதழில் கையெழுத்து வைக்கிற கிராம அலுவலர், எங்கள் விதானையிடம் போனோம். அவர் எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் தேத்தண்ணி குடித்தவர்.

"தங்கச்சிய எனக்குத் தெரியாதா? ஸ்கூலுக்குப் போன நாளையில இருந்து தெரியும். ஆனா வாக்காளர் இடாப்புல பேர் இல்லையே. மன்னார்ல எல்லோ இருக்கு."

"அவ உங்கட கண்ணுக்கு முன்னால நிக்கிறாவே சேர்?"

"நிக்கிறா. இடாப்புல நிக்கல்ல."

பஸ் மாறி மாறி மன்னாருக்குப் போனோம். அங்கிருந்த விதானை இடாப்பில் தங்கச்சியின் பெயரைக் கண்டுபிடித்து விரலால் தட்டிக் காட்டினார். எனக்கு உயிர் வந்தது.

"பேர் இருக்கு. ஆனா நீங்க இங்க இருக்கிறதில்லையே. உங்கட அடுப்பு எங்க? கிணறு எங்க? நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிற?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பகிடி விட்டுப் பார்த்தேன்: "உனக்கு ரெண்டு ஊர் தங்கச்சி. பணக்காரருக்குத்தான் அப்படி இருக்கும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயிற்சிக்கான திகதி போனது. அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவும் இல்லை. இருந்த ஒருத்தியையும் வேண்டாமென்று விட்டு, கதிரையை வெறுமையாகவே வைத்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்துப் பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம். கிராமத்து இளைஞர்களின் வாழ்வாதாரம், ஆரோக்கியம் என்று பெரிய பதாகை. ஒரு திட்ட அதிகாரி கலர் கலராகக் கடதாசி தந்து, உங்கள் கனவை எழுதுங்கள் என்றார். வெங்காயத் தோட்டத்தில் மருந்தடித்துக் கையெல்லாம் தோல் உரிந்த பொடியன்கள் உட்கார்ந்து பச்சைக் கடதாசியில் கனவு எழுதினார்கள். தங்கச்சி மஞ்சளில் 'மிட்வைப்' என்று எழுதினாள். அதிகாரி அதைச் சுவரில் ஒட்டிக் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினோம். அறிவு கெட்ட நானும் தட்டினேன்.

முடிவில் அவர் சொன்னார்: "மிட்வைப் இல்லாததால மாசத்துக்கு ஒருக்காப் பிள்ளைகளை நிறுக்கிறதுக்கு ஒரு ஆள் தேவை. தங்கச்சி, நீங்க படிச்சவ. செய்வீங்களா? சம்பளம் இல்ல, தொண்டு."

தங்கச்சி எழுந்தாள். "இடாப்பு பாக்கத் தேவையில்லையா சேர்?"

"சேச்சே, இதுக்கு என்னத்துக்கு இடாப்பு?"

நான் துள்ளி எழும்பினேன். "அப்ப சும்மா செய்யிறதெண்டா அவ இந்த ஊர், சம்பளத்துக்கெண்டா வேற ஊரா? வயித்துப் பிள்ளையோட நிக்கிற உம்மாமாருக்கு நீங்க மிட்வைப்பைக் கொடுக்கல்ல. கொடுக்க இருந்த ஒருத்தியையும் கடதாசியால அடிச்சு விரட்டினீங்க. இப்ப இலவசமா வாவெண்டு கூப்பிடுறீங்களா?"

"தம்பி, நான் திட்டத்தில மட்டும்தான் வேலை..."

"எல்லாரும் அப்படித்தான் சேர் சொல்றீங்க!"

மண்டபமே என்னைப் பார்த்தது. சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தக் கடதாசியை அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தவன் யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. தங்கச்சியும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

போக வேண்டாம் என்றேன். அவள் போனாள்; பின்னால் நானும் போனேன். பள்ளிவாசலுக்குப் பக்கத்து அறையில் தொங்கு தராசு கட்டியிருந்தது. வெளியே பிள்ளைகளை இடுப்பில் வைத்தபடி வரிசை. நான் பிள்ளைகளைத் தராசில் வைக்க, வைத்த பிள்ளையெல்லாம் என் முகத்தைக் கண்டு அலறியது. தங்கச்சி முள்ளைப் பார்த்து எழுதினாள். போன மாதத்தைவிட நிறை குறைந்திருந்த ஒரு பிள்ளையின் தாயை ஓரமாக நிறுத்தி, என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

கடைசியில் ஒரு தாள் வந்தது: நிறை பார்த்தவரின் பெயர், நிரந்தர முகவரி. வழக்கம்போல் கையை நீட்டினேன்.

"நீங்க விடுங்க நானா," என்றாள். "இத நான் நிரப்புறன்."

எங்கள் ஒழுங்கையின் பெயரை, அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்தி எழுதினாள்.