தாயம்மா போட்ட மாலை

மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையை ஆளாக்கியவள் தாயம்மா. அவளுக்குப் பொன்னாடையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். பிரபுவின் பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று கிடைத்தால் போதும். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்ததையெல்லாம் 2015 வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது பின்னால் பட்டாளத்தில் எடுத்த ஒரே படம். அதில் மீசையும் தொப்பியுமாக யாரோ ஆபீசர் மாதிரி முறைக்கிறான். வடக்கே மலைப்பாதையில் லாரி உருண்டு அவன் செத்து எட்டு மாதம் ஆகிறது. அவனுடைய சின்ன வயசு முகம் அவளுக்கே மறந்துகொண்டு வந்தது. பெற்றவளுக்கு இதைவிடக் கேடு என்ன வேண்டும்?

அதனால்தான் கூடப் படித்த ஸ்ரீகிருஷ்ணா போன் பண்ணி, "ஆன்ட்டி, டென்த் குரூப் போட்டோவுலேர்ந்து பிரபுவ மட்டும் எடுத்து பெரிசு பண்ணி ஸ்கூல்ல மாட்டறோம். உங்களுக்கும் ஒண்ணு தரோம்" என்றதும் வெள்ளத்துக்கு அப்புறம் அவர்களைக் குடியேற்றிய பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். கூடப் படித்த அந்த மகானுபாவர்களில் ஒருத்தனாவது அவன் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் விசாரித்தது கிடையாது. செத்த மறுநாள் வாட்ஸ்அப்பில் முப்பது பேருக்கும் அவன் உயிர்த்தோழன் ஆகிவிட்டான்.

ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வந்து படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தாயம்மா ஆசை ஆசையாக நிமிர்ந்து பார்த்தாள். சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன் மண்ணாங்கட்டி.

எதிர்வீட்டு அன்புக்கரசியின் மகன். ஆற்றங்கரையிலும் அடுத்த குடிசை, பெரும்பாக்கத்திலும் அதே மாடி. முதல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், இவனையாவது எமன் சீண்டாமல் போகட்டும் என்று அந்தப் பேரை வைத்தாள். அன்று காலையில்கூட அவன்தான் தாயம்மாவை பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு, சாப்பாடு டெலிவரிக்குப் போனான். பத்தாவதில் பெயிலானவனை இவர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் சேர்க்கவில்லை, விழாவுக்கும் கூப்பிடவில்லை. வகுப்பில் ஆற்றங்கரைப் பையன்கள் இரண்டே பேர். அந்த இரண்டு முகத்தைக்கூட இவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"தம்பி, இது எம்புள்ள இல்ல. இவன் மண்ணாங்கட்டி. உசுரோட கீறான்பா."

ஸ்ரீகிருஷ்ணாவுக்கு முகம் வெளுத்தது. கர்னலைப் பார்த்தான், படம் பிடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தான். மாலையை அவள் கையில் திணித்துக் காதோரம் குனிந்தான். "ஆன்ட்டி, ப்ளீஸ். லைவ் போயிண்டிருக்கு. இப்போதைக்குப் போட்டுடுங்க. பிரபுவும் அதே போட்டோவுலதானே இருப்பான். முடிஞ்சதும் நானே தேடி எடுத்துத் தரேன்."

உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போடுவது எப்பேர்ப்பட்ட பாவம் என்று அவளுக்குத் தெரியாதா? எதிரிக்குக்கூட அதைச் செய்யமாட்டாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லி இவர்களைச் சபையில் தலைகுனிய வைத்தால், அப்புறம் போட்டோவை யார் தேடித் தரப்போகிறார்கள்? பாழாய்ப்போன மனசு அதைத்தான் கணக்குப் போட்டது. அவள் மாலையைப் போட்டுவிட்டாள். கர்னல் சல்யூட் அடித்தார்.

விழா முடிந்ததும் ஆசிரியர் அறையில் பழைய குரூப் போட்டோவைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொரு முகமாக விரலை வைத்துத் தேடினாள். முதல் வரிசையிலிருந்து மறுபடியும் தேடினாள். பிரபு இல்லை.

"இருக்க மாட்டான்மா" என்றார் அப்போது வகுப்பாசிரியராக இருந்த சுந்தரராமன். "அன்னிக்கு ஷூ போட்டுண்டு வரலை. போட்டோ எடுத்து முடியறவரைக்கும் கேட்டுக்கு வெளில நிக்க வெச்சேன். படத்துக்குக் கீழ பேர் மட்டும் அட்டெண்டன்ஸைப் பாத்து அச்சடிச்சிருக்கா, அதுல அவன் பேர் நாலாவது. இவா அதை எண்ணி நாலாவதா நிக்கற முகத்தைப் பிடிச்சிருக்கா." பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அந்த டிசிப்ளின்தாம்மா அவனை மிலிட்டரிவரைக்கும் கொண்டு போச்சு" என்றார்.

"ஆர்மி போட்டோவையே மாட்டிடலாம் சார்" என்றான் ஸ்ரீகிருஷ்ணா. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

தாயம்மாவின் பைக்குள் போன் அடித்தது. அன்புக்கரசி.

"யக்கா, என் பையன் போட்டோக்கு மாலை போடுற வீடியோ ஒண்ணு வந்துகீது. தாயம்மாக்கா மாரியே கீதேடான்னேன். பெரிம்மா அப்படியெல்லாம் செய்யாது, அது வேற யாரோன்னு எங்கிட்ட சண்ட போட்டுகினு கீறான். நீயில்லதானேக்கா?"



"நான்தான்டி, அன்பு" என்றாள்.