கன்னத்தில் கிராம்பு

பேரிகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருந்தது ஐந்தே பேர். பெண்ணின் அப்பா, அம்மா, பெண், எனக்குத் துணையாக வந்த அறைத்தோழன் செல்வம், அப்புறம் மாப்பிள்ளை என்ற பெயரில் நான். முதலில் நீ போய்ப் பார்த்துவிட்டு வா, பிறகு நாங்கள் வருகிறோம் என்று என் அம்மா சொல்லியிருந்தாள்.

இந்தப் பழைய கதையை இப்போது கிளறிவிட்டது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாட்டில்கள். சவரம் செய்தபின் முகத்தில் தடவுகிற பே ரம். போனில் ஒன்றுதான் வாங்கப் பார்த்தேன். அது முகத்தைப் புண்ணாக்கிவிட்டால்? அந்தப் பயத்தில் வேறு கம்பெனியுடையதும் ஒன்று. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லேபிளின் பொடி எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கி எழுத்துக்கூட்டினேன். இரண்டிலும் பிரியாணி இலைக்குத் தூரத்துச் சொந்தம் போல ஏதோ வெளிநாட்டு இலையின் எண்ணெய். ஒன்றில் ஸ்பிரிட், பட்டை, கிராம்பு, தடவினால் சுரீரென்கிறது. மற்றதில் கற்றாழையும் ஆரஞ்சுத் தோலும்தான். குளுகுளுவென்று இருக்கிறது, அவ்வளவே.

கிராம்புப் பாட்டிலைத் திறந்ததும் செல்வம் நினைப்பில் வந்துவிட்டான். அப்போது ஓசூரில் இருவருக்கும் இரும்பு வார்க்கிற ஒரே பவுண்டரியில் வேலை. எவ்வளவு குளித்தாலும் கரி வாடை போகாது. பெண் பார்க்கக் கிளம்பிய காலையில், பெங்களூரில் வாங்கிய பே ரம்மை என் கன்னத்தில் தாராளமாகத் தட்டினான்.

“பவுண்டரி நாத்தத்தோட போனா பொண்ணு பின்பக்கமா ஓடிரும்டா.”

பஸ்ஸில் எனக்கு ஒரே கவலை, வாசம் அதிகமோ என்று. பாகலூர் தாண்டியதும் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். போனால்தானே!

பெண்ணின் அப்பா பழைய லாரி டிரைவர். பெண் குனிந்து காபி கொடுத்துவிட்டு நகர்ந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

“ஏம்பா, கிராம்பு வாசம் தூக்குதே. சரக்கு வாடை தெரியாம இருக்க இத மென்னுக்கினு எத்தினி செக்போஸ்ட் தாண்டியிருப்பேன் நானு? எங்கிட்டயேவா?”

“ஐயோ மாமா, அது மூஞ்சில போடறது. பே ரம்மு” என்றான் செல்வம், காப்பாற்றுகிற நினைப்பில்.

“ரம்முன்னு நீயே சொல்லிட்ட.”

குடிக்காதவன் குடிக்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது, நீங்களே சொல்லுங்கள். அப்போது கதவோரத்திலிருந்து அந்தப் பெண் சொன்னாள்:

“வாயில இல்லப்பா. கன்னத்துலதான் மணக்குது.”

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

“அத்தினி கிட்ட போயி மோந்து பாத்தியா நீ?” என்றார்.

“உள்ள போடி” என்றாள் அவள் அம்மா.

எங்களிடம், “சொல்லி அனுப்பறோம்” என்றார்கள்.

சொல்லி அனுப்பவில்லை. அவளை மாலூரில் கட்டிக்கொடுத்ததாகச் செல்வம்தான் விசாரித்து வந்து சொன்னான். பிறகு அவனும் கல்யாணமாகி சொந்த ஊரான சிங்காரப்பேட்டைக்கே போய்விட்டான். எனக்குப் பெண் தேட இருந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளை இடித்து நாலு மாடியில் ஹாஸ்டல் எழுப்பிவிட்டார்கள்.

இன்று காலை ஷிஃப்டுக்குக் கிராம்புப் பாட்டிலையே தட்டிக்கொண்டு போனேன். அதிகமாகப் போட்டுவிட்டேனோ என்று கம்பெனி பஸ்ஸில் கடைசிவரை கவலை. பக்கத்து சீட்டுக்காரர் காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.