கடைசிச் சைக்கிளுக்கு முன்னால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவது முழுக்க அந்தக் கோபத்தால் வந்த வினை, ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சண்டையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராமல் நின்றுபோன காலம். டொக்டரும் சைக்கிள், மாப்பிள்ளையும் சைக்கிள், பால்காரரும் சைக்கிள். கிழமை முழுக்க மிதித்துக் கால் ஓய்ந்த ஊரில், நாங்கள் ஒன்பது பேர் அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் மிதித்தோம். காலையில் மருதனார்மடம் சந்தையடியில் கூடுவோம். வெயில் ஏறுமுன் இருபது மைல் ஓடித் திரும்புவோம். அதற்குக் கழகம் என்று பெயர் வேறு. என் அம்மாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. வேலைக்குப் போகிறவன் மிதிக்கலாம், விறகு கட்டுகிறவன் மிதிக்கலாம், ஒரு அலுவலும் இல்லாத இடத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவதற்கு யாராவது மிதிப்பார்களா என்று கேட்பா.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளன். கழகத்தை நடத்தியவர் வேறொரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்ரர். தெல்லிப்பழைப் பக்கம் ஆமி நின்றதால் வடக்கே போக முடியாது. அதனால் எங்கள் ஓட்டமெல்லாம் கிழக்கே, உரும்பிராய் தாண்டி நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு நடுவால், சிறுப்பிட்டி, புத்தூர் என்று போகும்.

ரோட்டு என்று சொல்கிறேன், சும்மா ஒரு பேச்சுக்கு. வருடக்கணக்காகத் தார் காணாத ரோட்டு. ஷெல் விழுந்த குழி, தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மூடாத குழி, எதற்கு வந்ததென்றே தெரியாத குழி. அதனால் மாஸ்ரர் ஒரு முறை வைத்திருந்தார். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட வேண்டும். முன்னால் போகிறவர் ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார். "குழி வலம்", "கல்லு இடம்", "மாடு." அடுத்தவர் அதை வாங்கித் தன் பின்னால் வருகிறவருக்குச் சொல்ல வேண்டும். அப்படியே ஒன்பது வாயால் கடைசிவரை போகும். நடுவில் ஒருவர் விட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் குருடர்கள் என்று மாஸ்ரர் சொல்வார். முன்னால் போகும் முறை ஞாயிறுக்கு ஞாயிறு மாறும். முறை வருகிற அன்று ஆளுக்கு ஒரு முழம் நெஞ்சு கூடும்.

கடைசியாக வருகிறவர் எப்போதும் ஒருவர்தான். குருநகர் மீன்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிழமை நாட்களில் கரியரில் மரப்பெட்டி கட்டி, எங்கள் ஒழுங்கைகளுக்கெல்லாம் மீன் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை கண்டுவிட்டு, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே சந்தையடிக்கு வந்துவிடுவார். கடைசியில் ஓடுவதுதான் தனக்குப் பிடிப்பு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

எப்படித் தெரியுமென்றால், ஒருநாள் எங்கள் படலையடியில் அம்மா மீனுக்குச் சட்டியை அவருக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றா. மனுசன் கவனிக்கவேயில்லை. நான் சிரித்துவிட்டேன். அம்மா உள்ளே போன பிறகு அவர் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கை முடக்குவரை என்னைக் கூட்டிப்போனார்.

"நேரை பாத்தால் எல்லாம் தெரியும். ரண்டு பக்கமும் தெரியாது, கீழையும் தெரியாது," என்றார். "அண்ணைக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. அவர் இப்ப வீட்டோடை."

ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல என்று விளக்கினார். குழாய் வருடா வருடம் ஒடுங்கிக்கொண்டு வந்தது. அதற்கு மருந்தில்லை என்று அண்ணனைப் பார்த்த டொக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்குத் தெரிந்தால் சைக்கிளைத் தொடவிடமாட்டா. மீன் விற்கிற ரோட்டுகள் பதினைந்து வருடம் ஓடிப் பழகியவை, மெல்ல மெல்ல, இடத்துக்கிடம் இறங்கி உருட்டி, எப்படியோ சமாளித்தார். சைக்கிள் நின்றால் வீட்டில் ஐந்து பேருக்கு உலை வைக்க முடியாது.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன்.

"பெட்டி இல்லாமல் ஓடிப் பாக்கத்தான்," என்றார். "கண் இருக்குமட்டும்."

அன்றிலிருந்து வரிசையில் அவருக்கு முன்னால் நான். என் பின் சில்லுக்கு மேலே மட்காட்டில் வெள்ளைப் பூச்சு அடித்திருந்தது. அந்த வெள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு வருவார். நிலத்தை நான் வாயால் சொல்லுவேன். அவருடைய முன் ரயரில் வெடிப்பு இருந்தது. புது ரயர் எங்கே கிடைக்கும், உள்ளே பழைய ரயர்த் துண்டு வைத்துச் சமாளித்திருந்தார். சில்லு சுற்றும்போதெல்லாம் டக், டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தால் மனம் அமைதியாக இருக்கும்.

ஆனால் அவருக்கு முன்னால் நிற்பதென்றால் வரிசைக்கு முன்னால் போக முடியாது. என் முறை வந்தது. கால் நோகிறது என்று சாட்டுச் சொன்னேன். அடுத்த முறை வந்தது, பிறேக் சரியில்லை என்றேன். மூன்றாம் முறைக்கு எங்கள் கழகத்துத் தையல்காரன் பிடித்துக்கொண்டான். அவன் ஊசி குத்துவது துணியில் மட்டுமல்ல. ஆளுக்கு முன்னால் போகப் பயம், வால் பிடித்துத்தான் பழக்கம் என்று தொடங்கினான். பெம்பிளைப் பிள்ளைகள்கூட முன்னால் ஓடுவார்கள் என்றான். நான் உண்மையைச் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என்னைப் போன்ற ஒருவனுக்கு அது லேசுப்பட்ட காரியமல்ல.

அந்த ஞாயிறு நீர்வேலியில் தேத்தண்ணிக் கடையில் நின்றோம். சீனி இல்லாத காலம், பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி குடித்தோம். அன்றைக்கும் என் முறை. அன்றைக்கும் நான் மறுத்திருந்தேன், மாஸ்ரரே முன்னால் ஓடினார். தையல்காரன் என் சைக்கிளைச் சுற்றிவந்து, இதற்குப் பின் சில்லு மட்டும் போதும், முன் சில்லைக் கழற்றி விற்கலாம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மீன்காரரும் சிரித்தார்.

அவர் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்காக இந்தச் சொல் கேட்கிறேன்? இவருக்காகத்தானே? சிரிக்காமல் இருந்தால் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து சிரித்திருப்பார். இப்போது நினைத்தால் அது விளங்குகிறது. அப்போது கண் மண் தெரியாத கோபம். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். இனி வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

வரிசை புறப்பட்டது. முதல் குழி வந்தது. "குழி இடம்" என்று எனக்கு முன்னால் போனவர் சொன்னார். நான் விலத்தினேன், சொல்லவில்லை. பின்னால் அவருடைய ரயர் இறங்கி ஏறிய சத்தம் கேட்டது. இரண்டாவது குழி. சொல்லவில்லை. மூன்றாவது. டக், டக் சத்தம் கொஞ்சம் பின்தங்கி மறுபடி வந்து சேர்ந்தது. அவர் என்னைக் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் ரோசம் என்று நினைத்தேன். இருக்கட்டும், இவருக்கு ரோசமென்றால் எனக்கு இல்லையா? சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிமிடம் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

சிறுப்பிட்டி தாண்டி ஒரு மதகு. அதன் வலப்பக்கம் இடிந்து ஆள் இறங்கக்கூடிய அளவுக்குப் பள்ளம். முன்னால் மாஸ்ரர் போட்ட சத்தம் எனக்கு நேராகவே கேட்டது, எனக்கு முன்னால் போனவரும் திரும்பிச் சொன்னார். கடைசி நேரத்தில் ஹாண்டிலை வெட்டித் திருப்பினேன். வாய் மட்டும் திறக்கவில்லை. என் மட்காட்டு வெள்ளை அவருடைய பார்வையிலிருந்து சட்டென்று விலகியிருக்க வேண்டும். பின்னால் டக், டக் நின்றது.

திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் பள்ளத்துக்குள், அவர் அதற்கு மேல். எல்லோரும் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார்கள். தூக்கி இருத்தினோம். உதடு வெடித்து, வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். இடது தோள் கீழே இறங்கித் தொங்கியது.

மாஸ்ரர் என்னிடம் திரும்பினார். அவருக்குத் தான் வைத்த முறையில் எங்கே பிழை வந்ததென்று தெரிய வேண்டும்.

"நீர் சொன்னனீரோ?"

"சொன்னனான்," என்றேன்.

எப்படி அந்தச் சொல் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்ன பொய்யல்ல. ஆனால் சொல்லி முடித்த கையோடு ஒன்று விளங்கியது. இவர் என்னைக் காட்டிக்கொடுக்க முடியாது. சொல்லவில்லை என்று இவர் சொன்னால், அவ்வளவு பெரிய பள்ளம் உமக்குத் தெரியவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். என் பொய்க்கு இவருடைய கண்தான் காவல். இதை நினைத்து நான் ஆறுதலடைந்தேன். அவ்வளவு கேவலமானவனாக அந்த மதகடியில் நின்றேன்.

சொல்லியும் விழுவதென்றால் நித்திரையா என்று தையல்காரன் கேட்டான். மீன்காரர் தலையைத் திருப்பித் திருப்பி, என் முகம் அகப்படும்வரை தேடினார். அகப்பட்டதும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உவர் சொன்னவர்," என்றார் மாஸ்ரரிடம். "பிழை என்ரை. எனக்குக் கண் தெரியிறேல்லை. ரண்டு மூண்டு வருசமா."

தையல்காரன் சட்டையைக் கழற்றி அவருடைய கைக்குத் தூளி கட்டினான். புத்தூரில் எலும்பு முறிவு பார்க்கிற பரியாரியாரிடம் மாஸ்ரர் அவரைத் தன் சைக்கிள் பாரில் ஏற்றிக் கொண்டுபோனார். நெளிந்த சைக்கிளை நான் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வழியெல்லாம் இப்போது சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாள் எல்லோரும் குருநகருக்கு அவரைப் பார்க்கப் போனோம். தோள் எலும்பு முறிந்து பத்துக் கட்டியிருந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. அழுது முகம் வீங்கியிருந்தது. எனக்குக் கோப்பையைத் தரும்போது, "அண்ணை, இவ்வளவு நாளும் நீங்கள்தானாம் முன்னுக்குப் போய்க் காப்பாத்தினீங்கள்," என்றா. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தச் சுவரில் சாத்தியிருந்த சைக்கிளின் ஹாண்டிலை மனைவியின் தம்பி நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

ஞாயிறு வந்தது. இனி நான் யாருக்கும் முன்னால் நிற்கத் தேவையில்லை. மாஸ்ரர் என்னை வரிசைக்கு முன்னால் விட்டார். தையல்காரன் என் தோளைத் தட்டினான், தான் சொன்னதையெல்லாம் மனதில் வைத்திருக்க வேண்டாம் என்றான். இரகசியத்தைக் காத்த நல்ல மனுசன் என்று என்னைப் பற்றி எல்லோருக்கும் இப்போது ஒரு மரியாதை. புத்தூர் வரைக்கும் முன்னால் ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன், இலை கிடந்தாலும் கத்தினேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. அம்மா, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் கடத்தினேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சந்தைக்குள் அவரைக் கண்டேன். மச்சான் மிதிக்க, கரியரில் மீன்பெட்டியும் பாரில் இவருமாக வந்து, இப்போது சந்தைக்குள் ஓரிடத்தில் இருந்து விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இடக்கை இன்னும் தூளியில். வலக்கையில் ஒரு வேப்பங்குழையை வைத்து மீனுக்கு மேல் ஈ கலைத்துக்கொண்டிருந்தார். சனம் குறையும்வரை தள்ளி நின்றேன். பிறகு போய் அவருக்கு நேரே குந்தினேன்.

"அண்டைக்கு நான் சொல்லேல்லை," என்றேன்.

"தெரியும்," என்றார். குழை ஆடிக்கொண்டேயிருந்தது.

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். சந்தைக்குள் அழுகிறேனே என்ற வெட்கமும் இல்லை.

"நீர் சொன்னனான் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டீர். நான் இல்லையெண்டு சொன்னால் உம்மை அவையள் பிறகு சேர்ப்பினமோ?" என்றார். "கண்ணை நானும் எத்தினை நாளைக்கு ஒளிக்கிறது."

மாஸ்ரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லும், உம்முடைய மனதுக்காகச் சொல்லும், எனக்காக வேண்டாம் என்றார். அவருடைய அந்த அமைதி எனக்கு எரிச்சலாகவே வந்தது. என்னை ஏசியிருந்தால், குழையால் முகத்தில் இரண்டு அடி போட்டிருந்தால், நன்றாக இருந்திருக்கும். கடைசியில் குற்றம் செய்த நானே அவரோடு சண்டைக்குப் போனேன். நீர்வேலியிலிருந்து நான் வாய் திறக்கவில்லை என்று உமக்குத் தெரிந்ததுதானே, பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, இல்லாவிட்டால் இறங்கி நின்றிருக்கலாமே, அப்படி என்ன ரோசம் என்று கேட்டேன்.

குழையை மீனுக்கு மேல் வைத்தார்.

"ரோசமில்லை," என்றார். "மூண்டு குழி அடிச்சுது. ஒவ்வொண்டிலையும் நினைச்சன், அடுத்ததுக்குச் சொல்லுவீரெண்டு."