ரயில் நேரம் கேட்ட கிழவர்

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் போனை எடுத்தால் மாலை வரை பேச்சுதான். எந்த வண்டி எங்கே நிற்கிறது, லோடு எப்போது இறங்கும். இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. மகள் புனேயில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, "சாப்ட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சு கண்ணு" என்பேன். அதோடு சரி.

நூலகத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் ஏற்காடு போகும் ரோட்டில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நடக்கும் கூட்டத்துக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவின் மாடியில், மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் பத்துப் பேர் கூடுவார்கள். ஒரு மாதம் புத்தகம், ஒரு மாதம் சினிமா. எதை எடுத்தாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: எதற்காக வாழ்கிறோம்? பிள்ளைகளுக்காக என்பார் ஒருவர், தொண்டு என்பார் இன்னொருவர். ஐந்து மாதம் நான் வாயே திறக்கவில்லை. சுண்டலைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஆறாவது மாதம் ஒரு படம் போட்டார்கள். அதில் ஒரு கிழவர் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பார். எந்த ரயிலிலும் ஏறமாட்டார். கூட்டத்தில் எப்போதும் அதிகம் பேசுகிற காலேஜ் வாத்தியார், "அந்த ரயில் மரணத்தோட குறியீடுங்க" என்றார்.

"இல்லீங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"அவரு ரயிலுக்காகக் கேக்கலீங்க. கேட்டா, கவுண்டர்ல இருக்கறவரு மூஞ்சியப் பாத்து பதில் சொல்வாரில்லீங்களா, அதுக்குத்தான். நானும் லீவு நாள்ல ஆபீசுக்குப் போன் போட்டு, லோடு எறங்கிருச்சான்னு கேப்பனுங்க. எறங்குனது எனக்கே தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நர்ஸம்மா டீ எடுக்க உள்ளே போனார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஏற்காட்டிலிருந்து இறங்கிய இரண்டு பஸ்கள் ஆள் நிறைந்திருந்ததால் நிற்காமலே போய்விட்டன. வாத்தியார் வேகமாக நடந்து வந்தார்.

"ஏனுங்க, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க?"

"பஸ்ஸு போயிருமுங்க."

அவரும் பஸ்ஸுக்கு என் பக்கத்தில் நின்றுகொண்டார். பிறகு, "ராசிபுரத்துல தனியா ரூம் எடுத்து இருக்கறனுங்க. கிளாஸ்ல பேசறதெல்லாம் பாடம். இங்க என்ன பேசலாம்னு இந்தப் படத்த முன்னாடியே மூணு தடவ பாத்தேன். நீங்க சொன்னது எனக்குத் தோணவே இல்லீங்க" என்றார்.

மூன்றாவது பஸ் நின்றது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு புது பஸ் ஸ்டாண்ட் வரை வந்தோம். இறங்கும்போது, "அடுத்த மாசம் வாரீங்கல்ல?" என்றார்.

"வாரேனுங்க."

நான் போனேன், அவர் வரவில்லை. வேறு ஊர்க் காலேஜுக்கு மாறிவிட்டதாக நர்ஸம்மா சொன்னார். அவர் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

அன்று புத்தகத்தைப் பற்றி நான்தான் முதலில் பேசினேன். பாதியில் சொல்ல வந்தது மறந்துபோனது. எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.