நாலு மணி எண்கள்

என் மேசையில் ஒரு வெப்பமானி கிடக்கிறது. மரப்பலகையில் பதித்த பழைய கண்ணாடிக் குழாய். உள்ளே இருக்கும் சிவப்புத் திரவம் இரண்டாக அறுந்து, மேல்துண்டு அறுபத்திரண்டு டிகிரி பாரன்ஹீட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மார்கழிப் பனியிலும் அது அறுபத்திரண்டுதான் காட்டும். ஒருமுறை கொழும்புக்கு எடுத்துப் போயிருந்தேன். விசிறி இல்லாமல் உட்கார முடியாத அறையிலும் அறுபத்திரண்டுதான். என் அறைக்கு வருகிறவர்கள் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அத்தை கொடுத்தது என்பேன். அதற்கு மேல் சொல்லத் தொடங்கினால் என்னால் உட்கார்ந்தபடி சொல்ல முடிவதில்லை. எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடக்கத் தொடங்கிவிடுவேன்.

அத்தை என் அப்பாவின் மூத்த அக்கா. இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். கொழுந்தை வாட்டி, உருட்டி எடுத்த பச்சைத் தூளைத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, அது செம்பு நிறத்துக்கு வரும்வரை காற்றில் விட்டுவைக்கும் அறை ஒன்று அங்கே உண்டு. அந்த அறையில்தான் அத்தைக்கு வேலை. பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். ஈரத்தரை, நீர்ப்புகை விடும் ஒரு கருவி, சுவரில் விசிறி, அவ்வளவுதான். ஆனால் இலைச்சாறும் காற்றும் கலந்து அங்கே ஓயாமல் ஒரு வினை நடந்துகொண்டிருக்கும். பெரிய ஆலைகளில் இரும்புக் கலத்துக்குள் மூடிவைத்து நடத்தும் இரசாயன வினைக்கும் அதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. சூடு கொஞ்சம் கூடினால் வினை ஓடிவிடும், தேநீர் சப்பென்று ஆகிவிடும். குறைந்தால் பச்சை வாடை நிற்கும். எந்த நிமிடத்தில் தூளை அடுப்புக்கு அனுப்புவது என்பதைப் பொறுத்தே அன்றைய தேயிலை.

இதை நான் பல்கலைக்கழகத்தில் சமன்பாடுகளாகப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பொறியியல் படித்த முதல் ஆளும் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அம்மா கொழுந்துக் கூடையைச் சுமந்த மலைகளை நான் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு படிக்கப் போனேன். அதைத் தலை நிமிர்ந்துதான் செய்தேன்.

சின்ன வயதில் பாடசாலை விட்டு, மாலை வகுப்பும் முடிந்து நான் தோட்டத்துக்கு வந்து சேர நாலு மணி ஆகும். அம்மா மலையிலிருந்து இறங்கியிருக்க மாட்டார். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுச் சாவி அத்தையிடம் இருக்கும். தொழிற்சாலையின் பக்கக் கதவில் நின்று கூப்பிடுவேன். அத்தை உள்ளேயிருந்து, கையில் ஒரு நீளப் புத்தகத்துடன் வருவார்.

"சாவி வேணுமா? அப்ப ஒரு நம்பர் குடு. அறுவத்தெட்டுக்கும் எழுவத்துநாலுக்கும் நடுவுல."

அது எங்கள் இருவருக்கும் இடையிலான விளையாட்டு என்று நினைத்திருந்தேன். நாள் எப்படிப் போனதோ அதற்கேற்ற எண்ணைச் சொல்வேன். டீச்சர் கையில் அடித்த நாளில் அறுபத்தெட்டு. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் கைதட்டல் வாங்கிய நாளில் எழுபத்துமூன்று. நான் நன்றாகப் படித்தவள். பெரும்பாலும் பெரிய எண்கள்தான் சொல்வேன். அத்தை ஏதோ எழுதிக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தருவார்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அதே தொழிற்சாலையில், அதே அறைக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு பொருத்தும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நானே கேட்டு அதை வாங்கிக்கொண்டேன். முதல் நாள் அத்தை வாசலில் நின்று, "வாங்க என்ஜினியரம்மா, சாவி வேணுமா?" என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அறையின் சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு கணித மாதிரி தேவை. அதைச் செய்யப் பழைய பதிவுகள் தேவை. சமீபத்துப் புத்தகங்களில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று எண்கள்தான் இருந்தன. மாடி அறையில் தூசிக்குள் கிடந்த பழைய புத்தகங்களில் அரைமணிக்கு ஒருமுறை எழுதியிருந்தது. அறையும் மாறவில்லை, விசிறியும் மாறவில்லை என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். மற்ற நேரங்களில் எழுபதை ஒட்டிக் கிடந்த சூடு, சரியாக நாலு மணிக்கு ஏறியது. கிழமை நாட்களில் மட்டும். சனி ஞாயிறு இல்லை. ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசம்பரிலும் இல்லை.

எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. நாலு மணிவாக்கில் மாலைக் கொழுந்து வந்து இறங்குகிறது, அடுப்புப் பக்கக் கதவுகள் திறக்கின்றன, அங்கிருந்து சூட்டுக்காற்று நுழைகிறது என்று எழுதினேன். சனிக்கிழமை கொழுந்து குறைவு என்று எழுதினேன். அந்த மூன்று மாதங்களுக்கு மழையைக் காரணம் காட்டினேன். அறிக்கையில் அதற்கென்று ஒரு தனி அத்தியாயமே இருந்தது. என் மேலதிகாரி அதைத்தான் மிகவும் பாராட்டினார். கருவியையும் அப்படியே அமைத்தேன். சூடு ஏறும்வரை காத்திருக்காமல், மூன்றரைக்கே விசிறியை வேகமாக்கி, நீர்ப்புகையைக் கூட்டிவிடும்.

ஓட்டிப் பார்த்த முதல் வாரமே மாலைத் தூள் கெட்டது. சிவக்காமல் பச்சையாகவே நின்றது. சூட்டை அளக்கப் புதிதாகப் பொருத்திய உணரி, நாலு மணிக்கு அறை குளிர்ந்து கிடப்பதாகக் காட்டியது. என் கணக்கோ அந்த நேரத்தில் சூடு ஏறியே தீர வேண்டும் என்றது. நான் என் கணக்கை நம்பினேன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கேட்டபோது, "குளிர்காற்று வர யாரோ வெளிக்கதவைத் திறந்து விடுகிறார்கள் போல" என்று சொன்னேன். சொல்லும்போது யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையில் வேலை செய்தது ஒரே ஆள்தான். மறுநாள் காலையில் விசாரணை என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பினார்கள். மிஷினைப் பிடிக்காமல் வேண்டுமென்றே செய்கிறார் என்று பேச்சு பரவியது. அத்தை ஓய்வுபெற இரண்டு மாதம்தான் இருந்தது. அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட விசாரணைக்கு நின்றதில்லை என்பது அவருடைய பெருமை.

அன்று சாயந்தரம் பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே கேட்டேன்.

"நாலு மணிக்கு நீங்க கதவத் தொறக்குறீங்களா அத்தை?"

"நீயும் கேக்குறியா?" என்றார். முகம் சுருங்கியது.

நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். "இங்க பாருங்க. அந்தக் காலத்துலேயே நாலு மணிக்குத்தான் சூடு ஏறியிருக்கு. அப்படி என்னதான் இருக்கு நாலு மணிக்கு?"

அத்தை குனிந்து பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீரை மடியிலிருந்து சிதறச் சிரித்தார்.

"அடியே, நாலு மணிக்கு நீதானடி வருவ!"

எனக்கு விளங்கச் சில நொடிகள் பிடித்தன. கிழமை நாட்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். பாடசாலை விடுமுறை மாதங்கள் அவை. தவணை விடுமுறைக்கு நான் மழையைக் காரணம் காட்டியிருந்தேன்.

அத்தை விஷயத்தைச் சொன்னார். சுவர் வெப்பமானி அறுந்துபோய் அறுபத்திரண்டிலேயே நின்றுவிட்டது. அன்றிருந்த டீமேக்கர், அதாவது தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர், புதுசு வரும்வரை எழுதிக்கொண்டே இரு என்றார். புதுசு வரவேயில்லை. "நா எல்லாத்துக்கும் எழுவதுன்னு போட்டேன். மனுசன் நம்புற மாதிரி எழுதும்மான்னு அந்த ஐயா சத்தம் போட்டாரு. எனக்கு எங்கடி அத்தன நம்பர் வரும்? நீதான் கணக்குல கெட்டிக்காரி. அதான் ஒன்னய கேட்டேன். புக்கு ஆபீசுக்கு, தூளுக்கு என் கையும் மூக்கும் இருக்கு. ஒரு நாளு தூள கெடுத்தேன்னு யாராச்சும் சொல்லட்டும்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்கி இத யார்கிட்டயும் சொல்லாத புள்ள. நா தொறந்தேன்னே இருக்கட்டும். இன்னும் ரெண்டு மாசந்தான, திட்டிட்டு விட்டுருவாங்க. ஒன் படிப்பு மேல ஒரு சொல்லு வரக்கூடாது."

அதற்கு ஒப்பமாட்டேன் என்று நான் உடனே சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை தொழிற்சாலைக்கு ஏறிப் போகும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயாரித்தேன். பழைய கருவி பழுது, ஆகவே பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல. அதில் அத்தையும் இல்லை, நானும் இல்லை. நல்ல வாக்கியம் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் அத்தை கதவோரம் நின்றிருந்தார், வேலைக்கு வரும் சேலையில் இல்லை, கோயிலுக்குப் போகும் சேலையில். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். துரை கேட்டுவிட்டு, "அது பழைய கதை. இந்த வாரம் கதவைத் திறந்தது யார்?" என்று அத்தை பக்கம் திரும்பினார். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"நாந்தாங்க தொர..."

"இல்லை," என்றேன். குரல் அந்த அறைக்குத் தேவையானதை விட உரக்க வந்தது. "கதவை யாரும் திறக்கவில்லை. அறையைக் குளிர வைத்தது என் கணக்கு. அந்தப் புத்தகத்தில் நாலு மணிக்கு இருக்கிற எண்கள் நான் சொன்னவை. அப்போது எனக்குப் பத்து வயது."

சாவியிலிருந்து டீமேக்கர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். துரை முதலில் நம்பவில்லை. பிறகு புத்தகத்தில் பாடசாலை விடுமுறை மாதங்களைத் தானே விரலால் தேடிப் பார்த்தார். அதன்பின் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்து, "பைத்தியக்காரச் சிறுக்கி, எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டியே" என்றார். பிடித்த பிடியை வாசல்வரை விடவில்லை.

விசாரணை அத்தோடு முடிந்தது. என் அறிக்கையும் முடிந்தது. மேலதிகாரி அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்து, எண்களை முதலிலிருந்து எடுக்க என்னை அவருக்குக் கீழே போட்டார். உணரி சொல்வதைக் கை வெப்பமானியோடு அரைமணிக்கு ஒருமுறை ஒப்பிட வேண்டும். அத்தையின் கடைசி இரண்டு மாதமும் அதே அறையில்தான் போயின. அவர் தட்டுகளுக்கு நடுவே நின்று எண்ணைப் படித்துச் சொல்வார், நான் கதவோரம் நின்று எழுதுவேன். சில சமயம் எழுதாமல் நானே உள்ளே போய்ப் பார்ப்பேன். "என்னடி, நம்ப மாட்டியா?" என்பார். "நம்ப மாட்டேன் அத்தை" என்பேன். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

கடைசி நாளில் மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். எல்லாரும் போன பிறகு, சுவரில் ஆணியோடு மறந்து கிடந்த பழைய வெப்பமானியைக் கழற்றி முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார். "இது பொய் சொல்லலடி. செத்துப் போயி பேசாம இருந்துச்சு. பேசுனது நாம ரெண்டு பேருந்தான்."

இப்போது அந்த அறை சரியாக ஓடுகிறது. வேறு தொழிற்சாலைகளுக்கும் நான் போகிறேன். என் திரையில் நிமிடத்துக்கு ஒரு எண் வந்து விழுகிறது. கோடு அழகாக, அலை இல்லாமல் போகும்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளாது. இதை யார் சொன்னது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். உடன் வேலை செய்கிறவர்களுக்கு அது வேடிக்கை.

பழைய புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து வெப்பமானிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு நேராக எழுபத்துநான்கு. அத்தை அனுமதித்த எல்லையிலேயே பெரிய எண் அது. அன்று அந்த அறை அவ்வளவு சூடாக இருந்திருக்க முடியாது. எனக்கு அன்று என்ன நடந்தது என்றும் நினைவில்லை. யாரைக் கேட்டும் தெரியப் போவதில்லை, மேலே கிடக்கும் கண்ணாடிக் குழாய் அறுபத்திரண்டையே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் கதவுவரை நான் ஓடித்தான் வந்திருப்பேன்.