ரப்பர் தோட்டத்து வல்லாரை

ஈரச் செய்தித்தாளில் சுற்றி நைலான் கயிற்றால் கட்டிய வல்லாரைக் கட்டு அது. மலேசியாவின் ஈப்போவில் நான் வேலை பார்த்த சிறிய ஆய்வகத்தின் மேசையில் அதை வைத்துவிட்டு, "நம்ம ரப்பர் தோட்டத்து கீரை, தங்கச்சி" என்றார் எங்கள் ஓட்டுநர் அண்ணன். பத்து காஜா ஊருக்கு அப்பால், தானும் மனைவியும் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் வாய்க்கால் ஓரத்தில் பறித்ததாம். நானும் படிவத்தில் 'பழைய ரப்பர் தோட்டம், மருந்தடிப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டேன். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. படித்தவளுக்கு அவ்வளவு அலட்சியம்.

செடிகளின் சாறு அல்சைமர் நோய்க்கு உதவுமா என்று சோதிப்பதுதான் எங்கள் வேலை. நினைவுக்கு வேண்டிய ஒரு ரசாயனத்தை மூளையில் ஒரு நொதி சிதைத்துக்கொண்டே இருக்கும். அந்த நொதியை ஓரளவு அடக்கினால் சிலருக்கு மறதி சற்றுத் தணியும். எந்தச் சாறு அதை அடக்குகிறது என்று சோதனைத் தட்டில் பார்ப்போம். தட்டில் ஜெயிப்பதெல்லாம் மருந்தாகிவிடாது, பெரும்பாலானவை அடுத்த படியிலேயே விழுந்துவிடும். மஞ்சள், வேப்பிலை என்று பார்த்துச் சலித்துப்போயிருந்த எனக்கு, அண்ணனின் வல்லாரை நொதியை அடக்கிய வேகத்தில் தலைகால் புரியவில்லை.

அவர் மனைவிக்கு, எங்கள் அண்ணிக்கு, அந்த நோய் இருந்தது. அறுபது வயதுகூட ஆகவில்லை. குனோங் ராபாட்டில் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுவாராம். இது தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "உங்க கீரைதான் முதலிடம் அண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். தினமும் அதே இடத்திலிருந்து பறித்து வந்து சாறு பிழிந்து கொடுத்தாராம். ஒரு வருடமாக அவரை அந்நியனைப் போலப் பார்த்த அண்ணி, முந்தைய நாள் "மச்சான்" என்று கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாராம். இதையே மூன்று முறை சொன்னார். அண்ணிக்கு வயிறுதான் கொஞ்சம் சரியில்லை, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, கீரை குளிர்ச்சியல்லவா என்று அவரே காரணமும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சந்தையில் வாங்கிய வல்லாரையில் அந்த வேகம் இல்லை. வேறு இடங்களிலிருந்து வந்ததிலும் இல்லை. அப்போதுதான் உறைத்து, அந்தத் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போகச் சொன்னேன். போய் இறங்கினால் கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் எங்கே அண்ணே என்று கேட்டேன்.

"அத வெட்டி இருவது வருசம் இருக்கும் லா" என்றார் சாதாரணமாக.

அவர் பொய் சொல்லவில்லை. மரம் போன பிறகும் அங்கே பிறந்தவர்கள் ரப்பர் தோட்டம் என்றுதான் சொல்வார்கள், என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். அது தெரிந்த நான்தான் கேட்டிருக்க வேண்டும். கீரையில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பினோம். அதில் இருந்தது பூச்சிமருந்து, அதே நொதியை முடக்கித்தான் பூச்சியைக் கொல்லும் வகை. தட்டில் ஜெயித்தது வல்லாரை அல்ல.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அண்ணியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சாற்றை நிறுத்தியதும் சில நாட்களில் எச்சிலும் வயிற்றுக் கோளாறும் நின்றன. அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து, காம்பாரிலிருந்து திரும்பும் வழியில் கேட்டார்.

"அன்னிக்கு அவ என்னைக் கூப்புட்டாளே தங்கச்சி. அது அந்த மருந்தாலயா?"

தெரியாது என்றேன். இருக்கலாம், இந்த நோயில் அப்படி ஒரு நல்ல நாள் தானாகவும் வரும் என்றேன். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார்.

"ரொம்ப கொஞ்சமா கொடுத்தா?"

கூடாது அண்ணே, அது விஷம் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

இப்போது கீரை எடுக்கும் இடத்துக்கெல்லாம் நானே போகிறேன். இன்றைக்கு அவர் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். அண்ணி நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அதற்குப் பிறகு ஒரு முறைகூட அவரைக் கூப்பிடவில்லை.