எனக்கு மட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் அன்புசெல்வன் இரண்டு வருடமாகக் கான்ட்ராக்ட். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். "கம்பெனி கம்ப்யூட்டரெல்லாம் எம்புள்ள கையிலதான் கீது" என்று அவன் அம்மா ஈஸ்வரி கடம்பத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவன் கையில் இருந்தது பெரும்பாலும் பிரிண்டரில் சிக்கிய காகிதம்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஃபயர்வால் இருக்கிறதா என்று தணிக்கை செய்ய வருவதாகக் குழாய் வாங்குகிறவர்கள் எழுதியபோதுதான் ஜி.எம். சடையப்பனுக்கு அவன் பெயர் ஞாபகம் வந்தது.

"இத்த ஒழுங்கா முடிச்சிக் குடு தம்பி. உன்ன பர்மனென்ட் பண்ணிட்றேன்."

எந்தப் புரோகிராம் வெளியே யாரோடு பேசுகிறது என்று ஃபயர்வால் காட்டும், வேண்டாததை மறிக்கும். அன்புசெல்வன் இருபத்துநாலு கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றி, கம்பெனி வேலைக்கானதைத் தவிர எல்லாவற்றையும் மறித்தான். விலக்கு வேண்டுமென்றால் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்று விதியும் போட்டான். ஜி.எம். படிக்காமலே பாராட்டினார்.

திங்கட்கிழமை முதல் போன் அவருடையதுதான்.

"இன்னாபா, திருநின்றவூர் பிளாட்டு விக்கிற வெப்சைட்டு தொறக்க மாட்டேங்குது? பார்ட்டி லைன்ல கீறாரு."

"சார், ரூல்படி..."

"ரூலு மத்தவங்களுக்குப்பா. எனக்கு மட்டும் எடுத்துவுடு."

அடுத்து ஹெச்.ஆர். சந்திரகலா மேடம். மகளுக்கு வரன் பார்க்கும் தளம் நின்றுபோயிருந்தது. "நீ பிளாக் பண்ணது வைரஸ்ஸ இல்ல தம்பி, எம்மாப்ளய!"

ஸ்டோர்ஸில் கிரிக்கெட், பர்ச்சேஸில் புடவை. எல்லோருக்கும் 'எனக்கு மட்டும்'தான். துறைத் தலைவர்கள் தங்களுக்குத் தாங்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பதவியை எழுதினான். 'ஜி.எம்.' என்பது ஒரு காரணம். 'ஹெச்.ஆர்.' ஒரு காரணம். புதன்கிழமைக்குள் இருபத்துமூன்று கம்ப்யூட்டருக்கு விலக்கு. மிச்சம் அவனுடையது.

வியாழக்கிழமை வந்த தணிக்கையாளர், "ஏதாவது ஒரு வெளித் தளத்தைத் திறந்து காட்டுங்கள்" என்றார். அன்புசெல்வன் தன் கம்ப்யூட்டரில் முயன்றான். ஒன்றுமே திறக்கவில்லை. தணிக்கையாளருக்குப் பரம திருப்தி. ஸ்டோர்ஸ் பக்கம் யாரோ சிக்ஸருக்குக் கைதட்டினார்கள்.

"மற்ற கம்ப்யூட்டர்களும் இப்படித்தானா?"

"எல்லாத்துலயும் அதே சாஃப்ட்வேர்தான் சார்" என்றார் ஜி.எம். அது பொய்யில்லை. அன்புசெல்வன் தலையாட்டினான். அது பொய்யா என்று அவனுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சந்திரகலா கூப்பிட்டார். "பர்மனென்ட் ஃபார்ம் ஆன்லைன்ல கீது. உன் சிஸ்டத்துலருந்துதான் போடணும். அஞ்சு மணியோட குளோஸ். வுட்டா அடுத்த வருசந்தான்."

அது வெளியாள் நடத்தும் தளம்; அவன் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. அவனே மறித்தது. விலக்குக் கேட்கும் தாளை எடுத்துக்கொண்டு சந்திரகலாவிடமே ஓடினான்.

"நீ எந்த டிபார்ட்மென்ட்டு? கான்ட்ராக்ட் ஆளுக்கு நா எப்டி கையெழுத்துப் போட்றது? ஜி.எம்.ம கேளு."

ஜி.எம். திருநின்றவூரில் இருந்தார். "பார்ட்டிக்கு எல்லைக்கல்லு காட்டிக்கினு கீறேன்பா. அப்பால பேசு."

மணி நாலு ஐம்பது. பாஸ்வேர்டு அவனிடம்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை; யாரும் பார்க்கப் போவதில்லை. இத்தனை நேரம் கையெழுத்துக்கு அலைந்தது நேர்மையாலா, பழகிப்போன பயத்தாலா? நேற்று தலையாட்டியபோது இந்த நேர்மை எங்கே போயிருந்தது?

இருபத்துநாலாவது கம்ப்யூட்டரையும் விலக்குப் பட்டியலில் சேர்த்தான். காரணம் கேட்டது. கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்கவில்லை. 'கான்ட்ராக்ட்' என்று அடித்தான். அதையெல்லாம் யாராவது காரணம் என்பார்களா? அழித்தான். 'பர்மனென்ட்' என்று அடித்தான்.

உடனே ஏற்றுக்கொண்டது. ஃபார்ம் திறந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, ஃபயர்வால் பச்சை நிறத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது: அனைத்துக் கம்ப்யூட்டர்களும் பாதுகாப்பாக உள்ளன.